ஊசி மட்டும் போதுமா?

ஊசி போடாத டாக்டரை நாம் டாக்டராகவே மதிப்பதில்லை. தோள்பட்டை வலி என்று போனால், அவர் "தினமும் பத்து நிமிஷம் கையை நீட்டி மடக்குங்கள்" என்கிறார். நமக்கு முகம் சுண்டிப் போகிறது. "ஊசி ஒன்றும் கிடையாதா, டாக்டர்?" என்று கெஞ்சுகிறோம்.

நானும் கெஞ்சியவன்தான். நாளெல்லாம் மேஜைமேல் கவிழ்ந்து எழுதுகிறவனுக்குக் கழுத்து வலிக்காமல் என்ன செய்யும்? தசையில் முடிச்சு விழுந்த இடத்தில் ஊசி போட்டார்கள். அன்று சொர்க்கம், பதினைந்தாம் நாள் பழைய நரகம். மறுபடியும் ஊசி. மூன்றாம் தடவைதான் சந்தேகம் வந்தது, இளைத்தது வலியா, என் பணப்பையா என்று!

கேளுங்கள். வலிக்கும் புள்ளியில் சரியாகக் குத்தினால், மருந்தே இல்லாத வெறும் ஊசியிலும் வலி தணிகிறது என்று 1979-ல் கரேல் லெவிட் என்ற செக் நாட்டு வைத்தியர் எழுதினார். அதுவரை நடந்த ஆராய்ச்சிகளை 2001-ல் தொகுத்துப் பார்த்தவர்களும், உள்ளே செலுத்துவது எந்த மருந்தானாலும் பலனில் வித்தியாசம் இல்லை என்றே சொன்னார்கள். அப்படியிருக்க, ஸ்டீராய்டு கலந்து போட்டு, சர்க்கரை வியாதிக்காரருக்குச் சர்க்கரையையும் ஏற்றிவிடுவானேன்?

அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் முதுகுவலி உலகப் பிரசித்தம். ஜேனட் டிராவல் என்ற பெண் டாக்டர் அவருடைய தசைகளில் புரோகேய்ன் ஊசி போட்டு வந்தார். 1961 கடைசியில் ஹான்ஸ் கிரௌஸ் என்ற டாக்டர் வந்து தேகப்பயிற்சி கொடுத்தார். முதுகின் நிலை தேறியது. டிராவல் அம்மையாரை நான் குறை சொல்லவில்லை. ஊசி போட்டதும் தசையை நீட்டிவிட வேண்டும், வலியை வளர்க்கும் காரணத்தைக் களைய வேண்டும் என்று 1983-ல் வெளிவந்த தம் நூலில் அவரே வற்புறுத்தியிருக்கிறார்.

அந்தப் பாதியைத்தான் நாம் விட்டுவிட்டோம். எங்கள் தெருத் தையல்காரர் மாதந்தோறும் தோளுக்கு ஊசி போட்டுக்கொள்கிறார். அவர் உட்காரும் முக்காலி எவ்வளவு உயரம் என்று கேட்ட வைத்தியர் ஒருவருமில்லை. ஊசி போட நேரம் இருக்கிறது, சொல்லிக்கொடுக்க நேரம் இல்லை என்றால், அது வைத்தியமா, வியாபாரமா?

ஊசியே கூடாது என்பதல்ல என் கட்சி. அது வலியைக் கொஞ்சம் அடக்கி அவகாசம் தருகிறது. அந்த அவகாசத்தில் உடம்பைப் பழக்க வேண்டியவர்கள் நாம். ஆகவே, அடுத்த தடவை ஊசிக்கு உட்காரும் முன், "இதற்குப் பிறகு நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேளுங்கள். பதில் இல்லையா? சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.