கீரனூருக்கு மேலதிகாரி யார்?



குளத்தூர் வட்டத்தின் தலைமையிடமான கீரனூரில் ரயில் நிலையம் உண்டு. பக்கத்தில் இருப்பது திருச்சி. அங்கே ரயில்வே கோட்ட அலுவலகமும் இருக்கிறது. ஆனால் கீரனூர் சேர்ந்திருப்பதோ மதுரைக் கோட்டத்தில்! திருச்சியில் மனுக் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதில் என்ன பயன்?

குடிநீர், விளக்கு, கழிப்பறை போன்றவற்றைக் கோட்ட மேலாளரே கவனிக்கலாம். விரைவு வண்டி நிற்க வேண்டுமென்றால் கோட்டம் போதாது. சென்னையிலுள்ள தெற்கு ரயில்வே பரிந்துரைக்க வேண்டும். 1905இல் வெள்ளையன் ஏற்படுத்திய டெல்லி ரயில்வே வாரியம் இசைய வேண்டும்.

இந்த வாரியத்தைத் தட்டிக் கேட்க ஆண்டுக்கொரு முறையாவது தனி வாய்ப்பு இருந்தது. 1924 முதல் நடைமுறையிலிருந்த ரயில்வே பட்ஜெட்தான் அது. 2017இல் அதைப் பொது பட்ஜெட்டோடு கரைத்துவிட்டார்கள். 2020 மார்ச்சில் முதியோர் கட்டணச் சலுகை பறிபோனதும் பட்ஜெட்டில் அல்ல, வெறும் நிர்வாக உத்தரவில்தான். பெண்களுக்குப் பாதிக் கட்டணம், ஆண்களுக்கு நாற்பது விழுக்காடு என்றிருந்த சலுகை அது. மருத்துவமனைக்கு அலையும் நம் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள், அதன் அருமையைச் சொல்வார்கள்!

ஆகவே, மனு எழுதுவோர் முகவரி அறிந்து எழுதுங்கள். நிலையத்துக் குறைகளை மதுரைக் கோட்ட மேலாளருக்கு அனுப்புங்கள். வண்டி நிறுத்தத்தையும் சலுகையையும் நம் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கையெழுத்துகளோடு நேரில் கொடுங்கள். அவையில் கேள்வி எழுப்பினாரா என்று அடுத்த கூட்டத்தொடர் முடிந்ததும் அவரையே கேளுங்கள்.