நாற்காலிக்குள் இருக்கும் கல்

ஈப்போ பக்கமிருந்து கம்போங் ராஜாவுக்கு வருபவர்கள் சிம்பாங் பூலாயில்தான் திரும்புவார்கள். மலை ஏறுவதற்கு முன்பே சுண்ணாம்புக் குன்றுகள் பாதி வெட்டுப்பட்டு, வெள்ளை வெளேரென்று நிற்கும். லாரிகள் கிளப்பும் தூசிக்குப் பயந்து கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கடந்துவிடுகிறோம். அரைபட்டு மாவாகும் சுண்ணாம்புக்கல் எங்கெல்லாம் போகிறது தெரியுமா? சாயத்துக்கு, காகிதத்துக்கு, பற்பசைக்கு. பிளாஸ்டிக்குக்கும்தான். கல்யாணக் கூடாரத்தில் நாம் உட்காரும் நாற்காலியில் பெரும்பாலும் இத்தகைய கல்மாவு கலந்திருக்கிறது.

கலப்படம் என்று உடனே கோபப்பட வேண்டாம். நாற்காலியின் மூலப்பொருள் பாலிபுரொப்பிலின். தனியாக இருந்தால் சற்று வளைந்து கொடுக்கும். கல்மாவு சேர்ந்தால் விறைப்பாகும். முகப்பவுடரில் வரும் டால்க் இந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்யும், ஏனென்றால் அதன் துகள்கள் தகடு தகடாக இருக்கும். எடையில் 40 விழுக்காடு டால்க் சேர்த்தால் விறைப்பு இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். ஆனால் கல்மாவு பிளாஸ்டிக்கைவிட மலிவு. அதனால் கை தாராளமாகிவிடும் ஆசையும் வரும். மாவு கூடக்கூட, பொதுவாக, அடி தாங்கும் சக்தி குறையும். வளைய வேண்டிய கால் பட்டென்று உடையும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். உடைந்த நாற்காலித் துண்டு ஒன்றை வாளித் தண்ணீரில் போட்டு, ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழைத் தட்டிவிடுங்கள். வெறும் பாலிபுரொப்பிலின் மிதக்கும். சுண்ணாம்புக்கல் அதைவிட மூன்று மடங்கு அடர்த்தி. கல்மாவு ஏறக்குறைய 15 விழுக்காட்டைத் தாண்டினால் துண்டு மூழ்கிவிடும். பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்கு ஒரு வேலை ஆயிற்று.

விறைப்பும் வேண்டும், அடியும் தாங்க வேண்டும் என்றால்? கார் பம்பரைப் பாருங்கள். பல பம்பர்களின் உள்பக்கத்தில் பி.பி., இ.பி.டி.எம். என்ற எழுத்துகளும் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். முதலாவது பாலிபுரொப்பிலின், அடுத்தது ஒரு வகை ரப்பர். எண் 20 என்றால், எடையில் 20 விழுக்காடு டால்க். பெரும்பாலும் மைக்ரான் அளவேயுள்ள ரப்பர் துளிகள் பிளாஸ்டிக் முழுக்கச் சிதறிக் கிடக்கும். அடி விழுந்ததும் ஒரே விரிசல் ஓட விடாமல், ஒவ்வொரு துளியைச் சுற்றியும் பிளாஸ்டிக் கொஞ்சம் கொஞ்சமாக இழுபடும். அடியின் வேகம் அதிலேயே செலவாகிவிடும். ரப்பர் குறைக்கும் விறைப்பை டால்க் ஈடுகட்டும்.

ரப்பர் என்றதும் நமக்குப் பால்மரம்தான் ஞாபகம் வரும். நம் தாத்தா பாட்டிமார் விடியற்காலையில் வெட்டிய மரமாயிற்றே! ஆனால் இ.பி.டி.எம். மரத்துப் பால் இல்லை, பெட்ரோலியத்திலிருந்து செய்வது. இயற்கை ரப்பரையும் பாலிபுரொப்பிலினையும் கலக்கும் ஆராய்ச்சி 1970களிலேயே நடந்தது. இங்கிலாந்தின் பிரிக்கன்டன்பரியில் இருக்கும் மலேசிய ரப்பர் ஆய்வுக்கூடத்தில் அதைச் செய்தார்கள். கலவை நன்றாகவே வந்தது. ஆனால் வெயிலும் ஓசோனும் இயற்கை ரப்பரைச் சீக்கிரம் வெடிக்க வைக்கும், இ.பி.டி.எம். அவற்றைத் தாங்கும். வெளியில் கிடக்கும் பம்பருக்கு அதுதான் பொருத்தம். எனக்கு இதில் சின்ன வருத்தம் உண்டு.

மலிவு நாற்காலிக்கு இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். கம்போங் ராஜாவின் குளிரும் நம்மை ஏமாற்றும். உயரமான இடத்தில் புறஊதாக் கதிர் கூடுதல். வாசலிலேயே கிடக்கும் நாற்காலியைக் கதிர் அரித்துக்கொண்டே இருக்கும். குளிர்ந்த விடியலில் பாலிபுரொப்பிலின் இன்னும் எளிதாக உடையும். உட்காரும் இடத்தைக் கையால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைப் பொடி ஒட்டினால் மேல்பரப்பு அரித்துப்போய்விட்டது. கால் சேரும் மடிப்பில் வெள்ளைக் கோடு தெரிந்தால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். பாட்டிக்கு அதைப் போடாதீர்கள். பூந்தொட்டி வைத்துக்கொள்ளலாம்.