ஓய்வை நெருங்கும் பின்கள வீரரால் அணிக்கு லாபமா? புத்தளக் கரையிலிருந்து ஒரு கணக்கு

பருவம் தொடங்குமுன் புத்தளம் மாவட்டக் கரையோரத்து உதைபந்தாட்டக் கழகங்களில் ஒரு யோசனை தவறாமல் எழும். கொழும்பில் பெயர் எடுத்த, ஒரு காலத்தில் தேசிய அணிக்கு ஆடிய, இப்போது 33 அல்லது 35 வயதான பின்கள வீரர் ஒருவரை ஒப்பந்தம் செய்தால் என்ன? வெளிநாட்டிலிருக்கும் ஊரவர் ஒருவர் பணம் தரத் தயாராக இருப்பார். மைதானத்துக்குக் கூட்டம் வரும். எதிரணி முன்வரிசை வீரன் அந்தப் பெயரைக் கேட்டே கொஞ்சம் தயங்குவான். எல்லாம் சரி. ஆனால் அந்த வீரர் உண்மையில் அணிக்கு உதவுவாரா?

வென்னப்புவ, சிலாபம், உடப்பு, முந்தல், கற்பிட்டி என்று நீளும் இந்தக் கரைக்கு இது விளையாட்டுப் பக்கத்துக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் வந்திறங்கியது இந்த மாவட்டத்தில்தான். முகாம்களில் பிறந்த பிள்ளைகள் இன்று முப்பதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களுக்கும், கடற்றொழிலை நம்பியிருக்கும் தமிழ்க் கிராமத்துப் பிள்ளைகளுக்கும் காசில்லாமல் கிடைத்த விளையாட்டு உதைபந்தாட்டம். கழகத்தின் பணப்பெட்டியிலிருந்து ஒருவருக்குப் போகும் ரூபாய் இன்னொருவரின் காலணியிலிருந்தும் பயணச் செலவிலிருந்தும் எடுக்கப்படுவது. கையால் பிடித்து ஓடுவதை ‘ஃபுட்போல்’ என்று அழைக்கும் அமெரிக்காவிலும் லைன்பெக்கர் என்ற தற்காப்பு வீரர் முதிர்ந்துவிட்டால் இதே விவாதம்தான். அங்கே அணி மொத்தமாகக் கொடுக்கக்கூடிய சம்பளத்துக்கு விதிப்படி உச்சவரம்பு உண்டு. எங்களுக்கு விதி தேவையில்லை, பணப்பெட்டியே உச்சவரம்பு.

முதலில் உடம்பைப் பார்ப்போம். முப்பதைத் தாண்டிய தற்காப்பு வீரரிடம் முதலில் குறைவது நீண்ட தூரம் ஓடும் சக்தி அல்ல. நின்ற இடத்திலிருந்து பாயும் முதல் நான்கைந்து அடி குறைகிறது. திரும்பும் வேகம் குறைகிறது. ஞாயிறு ஆடிய ஆட்டத்தின் களைப்பு புதன்கிழமையும் காலில் இருக்கிறது. குறையாதவையும் உண்டு. பந்து எங்கே வரும் என்பதை ஒரு கணம் முன்பே அறிவது, பக்கத்தில் நிற்பவனைக் கூப்பிட்டு இடம் மாற்றுவது, எப்போது பந்தைக் காலால் எடுக்கக்கூடாது என்று தெரிந்திருப்பது. கிரிக்கெட்டில் இந்தக் குறைகளை மறைக்க இடமிருக்கிறது. ரங்கன ஹேரத் 40 வயது வரை டெஸ்ட் ஆடி 433 விக்கெட் எடுத்தார், களத்தடுப்பில் அவரை ஓரிடத்தில் நிறுத்திவிடலாம். உதைபந்தாட்டத்தில் ஒளிந்துகொள்ள இடமில்லை.

கரையோரக் கழகங்கள் பெரும்பாலும் கணக்கில் எடுக்காத விடயம் இதற்கு அடுத்துதான் வருகிறது. வேகமில்லாத ஒருவர் பின்களத்தின் நடுவில் நின்றால் அவர் மட்டும் மெதுவாக ஆடுவதில்லை, அணியின் உருவமே மாறுகிறது. தன் முதுகுக்குப் பின்னால் திறந்த வெளி இருந்தால் அவர் தோற்பார் என்று அவருக்கே தெரியும். ஆகவே அவர் பெனால்டி எல்லை வரை பின்வாங்குவார். மற்ற மூவரும் அவரோடு சேர்ந்து பின்வாங்க வேண்டும். இப்போது பின்களத்துக்கும் மத்திய களத்துக்கும் இடையில் பதினைந்து மீற்றர் வெளி. எதிரணி பந்தை வாங்கித் திரும்பி யோசித்து ஆட அது போதும். அந்த வெளியை அடைக்க மத்திய கள வீரர்கள் பின்னுக்கு ஓடுவார்கள், முன்வரிசை வீரன் தனியே நிற்பான். அடித்து வெளியேற்றும் ஒவ்வொரு பந்தும் எதிரணியிடமே திரும்பி வரும். மே தொடங்கி மாதக்கணக்கில் வீசும் தென்மேல் காற்றில், கற்பிட்டி மணல் தரையில், இந்த இரட்டை ஓட்டத்தை இரண்டு இருபது வயதுப் பையன்கள் எழுபது நிமிடம் தாங்குவார்கள். கடைசி இருபது நிமிடத்தில் கோல் விழும்போது பழி அந்தப் பையன்கள் மீது விழும். பெரியவர் தன் இடத்தில் ஒழுங்காக நின்றிருப்பார், பார்ப்பவர்களுக்கு அவரில் பிழை தெரியாது.

அப்படியென்றால் மூத்தவர்களே வேண்டாமா? அதுவும் சரியல்ல. பாரிசிலும் சுவிஸிலும் வாழும் எங்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கக்கூடிய இரண்டு ஒப்பந்தங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இருவரும் தற்காப்பு மத்திய கள வீரர்கள், ஏறக்குறைய ஒரே வயதில் புதிய கழகத்துக்குப் போனவர்கள்.

2008இல் குளோட் மக்கலேலே 35 வயதில் பாரிஸ் சென் ஜேர்மனுக்கு வந்தார். அதற்கு முந்தைய பருவத்தில் அந்தக் கழகம் 16ஆம் இடத்தில் முடித்து, கடைசி நாளில்தான் கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் தப்பியிருந்தது. அவர் வந்த பருவத்தில் 6ஆம் இடம். 2010இல் பிரெஞ்சுக் கிண்ணம். 2011 வரை மூன்று பருவங்கள் ஆடினார். அவர் ஒருவரால்தான் இவ்வளவும் என்று சொல்வது மிகை, ஆனால் அணி நிமிர்ந்ததில் அவருக்குப் பங்கு உண்டு.

2012இல் ஜெனாரோ கட்டூசோ 34 வயதில் சுவிஸின் எப்சி சியோனுக்குப் போனார். உலகக் கிண்ணம் வென்றவர், பெயரில் மக்கலேலேக்குக் குறைந்தவர் அல்ல. 2013 பெப்ரவரியில், வீரராக இருக்கும்போதே பயிற்றுநர் பதவியும் அவரிடம் கொடுக்கப்பட்டது. மே மாதத்தில் அதை இழந்தார். ஒரு பருவத்துக்குள் கதை முடிந்தது.

வித்தியாசத்தை வயதில் தேடினால் கிடைக்காது, கட்டூசோ ஒரு வயது இளையவர். முந்தைய பருவத்தில் தேடினால் கிடைக்கும். மக்கலேலே பாரிஸ் வருவதற்கு இரண்டு மாதம் முன்னர்தான், 2008 மே மாதத்தில், செல்சிக்காக ஐரோப்பிய சம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் ஆரம்ப அணியில் ஆடியவர். கட்டூசோவோ மிலானில் தன் கடைசிப் பருவத்தின் பெரும்பகுதியைக் கண்நோயால் இழந்துவிட்டு வந்தவர். போதாததற்கு ஓய்ந்துவரும் ஓர் உடம்பின் தலையில் பயிற்றுநர் வேலையையும் ஏற்றினார்கள். பிறந்த ஆண்டைவிட, கடந்த ஆண்டில் எத்தனை நிமிடம் மைதானத்தில் இருந்தார் என்பதே என் பார்வையில் முதல் கேள்வி.

இந்த அளவுகோலை இலங்கைக்குக் கொண்டுவந்தால் சங்கடம் தொடங்குகிறது. இங்கே அந்த நிமிடங்களே இல்லை. 2021இல் பத்துக் கழகங்களுடன் சுப்பர் லீக் தொடங்கியது. கொரோனா இடையில் புகுந்தது. களுத்துறை புளூ ஸ்டார் சம்பியனாகி, 2022 ஏப்ரலில் ஆசியக் கிண்ணத்துக்கான கழகப் போட்டியில் நேபாளத்தின் மச்சிந்திராவை 2-1 என வென்று, அடுத்த ஆட்டத்தில் கொல்கத்தாவின் மோகன் பகானிடம் 5-0 எனத் தோற்றது. 2023 ஜனவரியில் பிபா இலங்கையைத் தடை செய்தது, ஓகஸ்ட் இறுதியில்தான் தடை நீங்கியது. இடையில் பொருளாதார நெருக்கடி, பெற்றோல் வரிசை. ஆகவே 33 வயது இலங்கை வீரர் ஒருவரைப் பற்றி “நல்ல அனுபவம்” என்று சொல்லும்போது, அந்த அனுபவத்தின் நடுவில் எத்தனை வெற்று மாதங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. திறமையுள்ள பலர் மாலைதீவுக் கழகங்களைத் தேடிப் போனதும் இதனால்தான். 2022 பெப்ரவரியில் அங்கேயே 31 வயதில் உயிரிழந்த மன்னாரின் டக்சன் பியூஸ்லஸ், தேசிய அணியின் பின்களத்தில் ஆடியவர், அந்த வழியில் போனவர்களில் ஒருவர். அவர் ஊருக்குத் திரும்பி இன்னும் ஐந்தாறு வருடம் ஆடியிருந்தால் மன்னார்ப் பையன்களுக்கு என்னவெல்லாம் சொல்லிக் கொடுத்திருப்பார் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

தேசிய அணியே அண்மையில் இந்தப் பரிசோதனையைச் செய்தது. வெளிநாடுகளில் பிறந்து வளர்ந்த இலங்கை வம்சாவளி வீரர்களை அழைத்தது. இளையவர்களும் வந்தார்கள், முதிர்ந்தவர்களும் வந்தார்கள். சுவீடனின் ஆதவன் ராஜமோகன் போன்ற தமிழ்ப் பெயர்களும் பட்டியலில் இடம்பிடித்தன. அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் றோர் கழகத்தில் பல ஆண்டுகள் ஆடிய பின்கள வீரர் ஜக் ஹிங்கேர்ட் 2024இல் வந்தபோது அவருக்கு 33 வயது. அந்த செப்டெம்பரில் இலங்கை கம்போடியாவைக் கொழும்பில் 0-0, புனோம் பென்னில் 2-2 எனச் சமன் செய்து பெனால்டியில் வென்றது. 2025 மார்ச்சில் தாய்லாந்திடம் பாங்கொக்கில் ஒரே கோலால்தான் தோற்றது, ஜூனில் சீனத் தாய்ப்பேயை 3-1 என வென்றது. தரவரிசையில் 200க்கும் கீழே கிடந்த அணிக்கு இவை சாதாரண முடிவுகள் அல்ல. வந்த முதியவர்கள் வாராவாரம் ஒழுங்கான லீக்கில் ஆடிவிட்டு வந்தவர்கள் என்பதை மறக்கக்கூடாது. பெயர் மட்டும் மீந்திருக்கும் ஒருவரை அழைப்பதும் அவர்களை அழைப்பதும் ஒன்றல்ல. இன்னொன்று, தேசிய அணிக்கு வருடத்தில் சில ஆட்டங்கள்தான். இடையில் உடம்பு ஆறலாம்.

இந்தியாவின் ஐஎஸ்எல் 2014இல் தொடங்கியபோதும் குறுகிய பருவமே முதியவர்களைக் காப்பாற்றியது. பத்து வாரம், லீக் சுற்றில் ஒவ்வோர் அணிக்கும் 14 ஆட்டங்கள். அப்படியிருந்தும் டெல்லிக்கு வந்த டெல் பியரோ பத்து ஆட்டங்களில் ஒரே கோல் அடித்தார், டெல்லி அரையிறுதிக்குப் போகவில்லை. சென்னையின் எலானோ 33 வயதில் எட்டுக் கோல் அடித்து அந்தப் பருவத்தின் முதலிடம் பெற்றார். ஆனால் நான் கவனிக்கச் சொல்வது பேர்னார்ட் மெண்டியை. பிரான்ஸின் இந்தப் பின்கள வீரர் 33 வயதில் சென்னைக்கு வந்து மூன்று பருவம் தங்கினார். 2015இல் சென்னை கிண்ணம் வென்றபோது கோல் மழை பொழிந்தவர் 23 வயது மெண்டோசா. பின்னால் நிதானமான ஒருவர், முன்னால் ஓடக்கூடியவர்கள். ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப அழைத்ததால் அவருக்குப் பக்கத்தில் நின்ற உள்ளூர் வீரர்களுக்கும் அவருடைய குரல் பழகியது.

நம் கரையில் நடப்பது இதற்கு நேர்மாறு. சுற்றுப்போட்டிக்கு மூன்று நாள் முன்னர் வாகனத்தில் வந்து இறங்குவார், விலகல் முறை ஆட்டங்களில் இரண்டோ மூன்றோ ஆடுவார், பணத்தை வாங்கிக்கொண்டு போவார். பயிற்சிக்கு வரமாட்டார், அவரிடம் யாரும் அதைக் கேட்பதும் இல்லை. கிண்ணம் கிடைத்தால் படம் முகநூலில் வரும். கிடைக்காவிட்டால் அடுத்த முறை வேறொருவர். மங்காத அவருடைய அறிவை வாங்காமல், மங்கிவிட்ட கால்களை மட்டும் வாடகைக்கு எடுக்கும் பேரம் இது. இதைவிட மோசமான பேரத்தை நினைத்துப் பார்ப்பது கடினம்.

இதற்கு விலை கொடுப்பவன் வாங்கில் உட்கார்ந்திருக்கும் 19 வயதுப் பையன். 2021இன் பத்துக் கழகங்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். வடக்கு, கிழக்கிலிருந்து ஒன்றுமில்லை. புத்தளம் மாவட்டத்திலிருந்து வென்னப்புவ நியூ யங்ஸ் மட்டும், அதுவும் மாவட்டத்தின் தென்முனையில், கற்பிட்டியிலிருந்து நூறு கிலோமீற்றருக்கு மேல். பத்தில் மூன்று முப்படைகளின் அணிகள். படை அணியில் சேர்ந்தால் நிலையான சம்பளம் உண்டு, அதனால் பலர் போகிறார்கள். ஆனால் தமிழ்க் குடும்பம் ஒன்றுக்கு அந்த வாசல் எப்படிப்பட்டது என்பதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆக, முந்தலிலோ கற்பிட்டியிலோ இருக்கும் பையனைக் கொழும்புக் கழகம் ஒன்றின் கண்ணில் படவைப்பது உள்ளூர் லீக்கில் அவன் ஆடும் பத்துப் பன்னிரண்டு ஆட்டங்கள் மட்டுமே. பின்களத்தில் ஒரே ஓர் இடம்தான். அதில் விருந்தாளி நின்றால் இவன் நிற்கமாட்டான். இரண்டு பருவம் இப்படிப் போனால் பையன் கட்டாருக்கோ கடலுக்கோ போய்விடுவான்.

ஆகவே, அந்த இடத்துக்குத் தயாரான பையன் ஊரில் இருந்தால், எவ்வளவு பெரிய பெயர் கிடைத்தாலும் மூத்தவரை வாங்கக்கூடாது. அப்படிப் பையன் இல்லாதபோது, பின்களம் முழுவதும் பதினெட்டு, இருபது வயதாக இருந்து யாரும் வாய் திறந்து கத்தாமல் கோல் வாங்கும் அணிக்கு, ஒரு முதியவர் பெரும் உதவி. ஆனால் முழுப் பருவத்துக்கு, கிழமைக்கு இரண்டு பயிற்சிக்கு வருவதாக எழுதி வாங்கிக்கொண்டு, எழுபதாவது நிமிடத்தில் அவரை வெளியே எடுக்கும் துணிவுள்ள பயிற்றுநர் இருந்தால் மட்டும். அவரைப் பின்களத்தின் நடுவில் வைப்பதா, அதற்கு ஓர் அடி முன்னே மத்திய களத்தில் வைப்பதா என்பதையும் யோசிக்கலாம். இரண்டு பக்கமும் ஓடக்கூடிய இளைஞர்கள் இருந்தால் பின்னது பல வேளைகளில் பாதுகாப்பானது, முதுகுக்குப் பின்னால் இன்னும் நால்வர் இருப்பார்கள்.

மூத்த வீரர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. படை அணிகளுக்கு வெளியே ஆடியவருக்கு ஓய்வூதியம் இல்லை, முழங்கால் கிழிந்தால் செலவு அவருடையது. சுற்றுப்போட்டிக் காசை அவர் வாங்குவதில் குற்றம் காண முடியாது. அதே காசை ஆறு மாதத்துக்குப் பகிர்ந்து கொடுத்து, பதினாறு வயதுக்குட்பட்டோர் அணியையும் அவரிடம் ஒப்படைத்து, ஆசிய சம்மேளனத்தின் ஆரம்பநிலைப் பயிற்றுநர் சான்றிதழுக்கு அவரை அனுப்பும் செலவைக் கழகம் ஏற்றால், இரு தரப்புக்கும் அது நல்ல ஒப்பந்தம். லீக்குகள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு முன்னர் பதிவு செய்யப்படாத எவரும் அந்தப் பருவத்தில் ஆட முடியாது என்று ஒரு வரி விதி போட்டால், மூன்று நாள் விருந்தாளிகள் தாமாகவே நின்றுவிடுவார்கள். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் ஊர்ச் சங்கங்களும், தரும் தொகையில் எவ்வளவு பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்குப் போகிறது என்று அடுத்த முறை அனுப்புமுன் கேட்டுப் பார்க்கலாம்.