கூத்தில் கண்ணகி, வீட்டில் குற்றவாளி

தீபா மேத்தாவின் ‘ஃபன்னி போய்’ திரைப்படம் 2020 டிசெம்பரில் வெளிவந்தபோது உலகத் தமிழர் பலர் கொதித்தெழுந்தனர். புறக்கணியுங்கள் என்ற குரலும் எழுந்தது. தமிழ்க் குடும்பமொன்றின் கதையில் முதன்மை வேடங்கள் பலவற்றை ஏற்றவர்கள் தமிழர் அல்லர். அவர்கள் பேசிய தமிழோ செவிக்கு ஒவ்வவில்லை. அந்தக் கோபம் நியாயமானது. எனக்கும் அதில் பங்குண்டு.

ஆனால், உச்சரிப்பைப் பற்றி இவ்வளவு பேசிய நாம் அந்தப் படத்தின் தகப்பனைப் பற்றி ஏன் பேசவில்லை?

ஷியாம் செல்வதுரை 1994இல் வெளியிட்ட நாவலின் கதை அது. கொழும்பில் வளரும் சிறுவன் அர்ஜி, மச்சாள்மாருடன் சேலை உடுத்து மணப்பெண்ணாக விளையாடுகிறான். வீடு அதிர்கிறது. வளர்ந்ததும் அவனை ‘ஆண்பிள்ளை’ ஆக்குவதற்கென்றே தகப்பன் வேறு பள்ளிக்கு மாற்றுகிறார். தகப்பனின் தங்கை ராதா சிங்கள இளைஞனொருவனை விரும்புகிறாள். குடும்பம் அதையும் பொறுக்கவில்லை. 1983 யூலையில் வீடு எரிகிறது. வெளியிலிருந்து வந்த அந்தத் தீயைப் பற்றி நாம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எழுதுகிறோம். வீட்டுக்குள் எரிந்ததைப் பற்றி வாய் திறப்பதில்லை.

அது கொழும்பு மேட்டுக்குடியின் கதை, நமக்கென்ன என்பாரும் உளர். அவர்கள் முள்ளியவளைக்கு வரட்டும். கோவலன் கூத்துக்குப் பேர்போன மண் இது. ஆண்களே சேலை உடுத்து, சிலம்பேந்தி, விடியவிடியக் கண்ணகியாக ஆடிய மரபு அது. ஊர் கைகூப்பி நின்றது. அதே சேலையை வீட்டுக்குள் ஒரு பையன் தோளிற் போட்டால் பூவரசந்தடி முறிகிறது.

பண்பாடு கெடுகிறது என்கிறீர்கள். எவர் பண்பாடு? தன்பாலுறவைக் குற்றமாக்கிய 365ஆம் பிரிவு, 1883இல் வெள்ளையர் ஆட்சி தந்த தண்டனைச் சட்டக்கோவையில் உள்ளது. அதை மாற்றும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என உயர் நீதிமன்றமே 2023இல் தீர்மானித்தது. நம் வீட்டு நீதிமன்றங்கள் இன்னும் விக்டோரியா மகாராணியின் காலத்திலேயே இருக்கின்றன.

வன்னியின் பிள்ளைக்குச் சுமை இன்னும் அதிகம். 2009இல் எல்லாவற்றையும் இழந்த பெற்றோர், இழந்தது அத்தனையையும் எஞ்சிய பிள்ளையின் தலையில் ஏற்றுகிறார்கள். இறந்த அண்ணனுக்காகவும் அவனே படிக்க வேண்டும். காணாமற்போன மாமனுக்காகவும் அவனே உழைக்க வேண்டும். உயர்தரப் பெறுபேறு, அரசாங்க உத்தியோகம் அல்லது வெளிநாடு, பிறகு பெற்றோர் காட்டிய இடத்தில் கலியாணம். அந்தத் துயரத்தை நான் குறைத்து மதிப்பிடேன். ஆயினும், பிள்ளையின் வாழ்வைத் தாமே வாழ்ந்து முடிக்கும் உரிமையை எந்தத் துயரமும் எவருக்கும் தருவதில்லை.

நல்ல தமிழில் அர்ஜிகளின் கதையை இந்த மண்ணிலிருந்தே எவரேனும் படமாக்க வேண்டும். அதில் தகப்பனுக்கு ஒரே ஒரு வசனம் போதும்: “நீ சொல்லு தம்பி, நான் கேக்கிறன்.”

பிறர் உச்சரிப்பைத் திருத்தப் புறப்பட்ட நம்மில் எத்தனை பேருக்கு அந்த வசனம் வாயில் வரும்?