மேகத்தில் விதைத்ததை வரவு எழுதலாமா?

வானம் பார்த்த பூமி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்காவின் மேற்குப் பகுதி மலை பார்த்த பூமி! அங்கே குளிர்காலத்தில் மலையில் விழும் பனிதான் கோடையில் ஆற்றுத் தண்ணீர். யூட்டா மாநிலத்தின் நீரில் சுமார் 95 சதவீதம் பனியிலிருந்து வருகிறது என்கிறது அந்த மாநில அரசு.

வங்கியில் போடும் வைப்புத் தொகை மாதிரிதான் இந்தப் பனி. டிசம்பரில் போட்டால் மே, ஜூனில் உருகிக் கைக்கு வரும். ஆனால் சில காலமாக வைப்பு குறைகிறது, செலவு அந்த அளவுக்குக் குறையவில்லை. சுமார் 4 கோடி மக்கள் நம்பியிருக்கும் கொலராடோ ஆற்றின் மீட் ஏரி, 2022 ஜூலையில், 1930களில் முதன்முதலாக நிரப்பப்பட்ட பிறகு காணாத அளவுக்கு வற்றிப்போனது.

அதனால்தான் எல்லோரும் மேகத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். யூட்டா 2023-ல் மேக விதைப்புக்கு ஒரே தடவையாக 1.2 கோடி டாலரும், ஆண்டுதோறும் 50 லட்சம் டாலரும் ஒதுக்கியது.

இது மந்திரமா? இல்லை. மலை மேகங்களில் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே போன பிறகும் உறையாமல் திரவமாகவே மிதக்கும் நுண்துளிகள் இருக்கும். உறைவதற்கு அவற்றுக்கு ஒரு பிடிமானம் வேண்டும். சில்வர் அயோடைடின் படிக அமைப்பு பனிக்கட்டியை ஒத்திருப்பதால் அதைத் தூவினால் துளிகள் அதைப் பற்றி உறைந்து, பெரிதாகி, பனியாக விழும். 1946-ல் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் வின்சென்ட் ஷேஃபர் உலர்பனியை வைத்துத் தொடங்கினார். அதே ஆண்டு பெர்னார்ட் வானகட் சில்வர் அயோடைடும் இதற்கு உதவும் என்று கண்டுபிடித்தார்.

கண்டுபிடித்து 70 வருஷம் ஆகியும் ஒரு கேள்வி தீரவில்லை. விழுந்த பனியில் எது விதைத்ததால் வந்தது, எது தானாக வந்தது? ஐடஹோ மலைகளில் 2017 குளிர்காலத்தில் நடந்த ஸ்நோவி ஆய்வு இதற்கு ஓரளவு பதில் சொன்னது. விமானம் குறுக்கும் நெடுக்குமாகப் பறந்து தூவிய அதே வளைவுக் கோடுகளில் பனி உருவானதை ரேடார் காட்டியது! மூன்று நாள் விதைப்பில் கிடைத்த நீர் சுமார் 7 லட்சம் கன மீட்டர், அதாவது 282 ஒலிம்பிக் நீச்சல் குளங்கள்.

கேட்கப் பெரிதாக இருக்கிறது. டி.எம்.சி. கணக்கில் போட்டால் 0.025 தான். மீட் ஏரியோ ஆயிரம் டி.எம்.சி.க்கு மேல் கொள்ளும். மூன்று நாள் கணக்கை வைத்து ஒரு திட்டத்தையே எடைபோட முடியாது, உண்மைதான். ஆனால் பல வருஷம் நடந்த வயோமிங் சோதனையிலும் சுமார் 3 சதவீதக் கூடுதல்தான் தெரிந்தது. அதுவும் தற்செயல் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாத அளவு. ஏற்கெனவே நடந்த ஆய்வுகளைப் பார்த்த அமெரிக்க அரசுப் பொறுப்புடைமை அலுவலகம், 2024 டிசம்பர் அறிக்கையில் பலனை 0 முதல் 20 சதவீதம் என்றது. பூஜ்ஜியமும் அதற்குள் இருக்கிறது, கவனியுங்கள்!

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. விதைக்க மேகம் வேண்டும். வறட்சி என்றாலே மேகம் வராத காலம். தண்ணீர் மிக அவசியமாகத் தேவைப்படும் வருஷத்தில்தான் இந்த வித்தை மிகக் குறைவாகப் பலிக்கும். நல்ல வருஷத்தில் விதைத்து, கிடைத்ததை அணையில் சேர்த்து வைத்தால்தான் பிரயோஜனம்.

அப்படியானால் நிறுத்திவிட வேண்டுமா? வேண்டாம். செலவு குறைவு, அறிவியல் பொய்யில்லை. 2024-ல் டென்னசியும் 2025-ல் ஃபுளோரிடாவும் இதைத் தடை செய்தது கணக்குப் பார்த்து எடுத்த முடிவு அல்ல, பயத்தில் எடுத்த முடிவு. அந்த வழி சரியில்லை.

ஆனால் கணக்குப் பதிவியலில் ஒரு பால பாடம் உண்டு. வரப்போகும் நஷ்டத்துக்கு இப்போதே ஒதுக்கு, வராத லாபத்தை வரவு எழுதாதே. மேக விதைப்புக்கும் இது பொருந்தும். விதைக்கிற நிறுவனமே பலனையும் அளந்து சொல்வது, கடைக்காரரே தன் கணக்கைத் தணிக்கை செய்வது போல. வெளியார் அளக்க வேண்டும். சில மேகங்களை வேண்டுமென்றே விதைக்காமல் விட்டு ஒப்பிட வேண்டும். அதுவரை கிடைப்பதை உபரி என்று வைத்துக்கொள்ளலாம், அதை நம்பிப் புதுச் செலவு இழுத்துவிடக் கூடாது.

செலவுப் பக்கத்தையும் பாருங்கள். 2024-ல் வந்த ஓர் ஆய்வின்படி, கொலராடோ ஆற்றிலிருந்து மனிதர் நேரடியாக எடுத்துப் பயன்படுத்தும் நீரில் சுமார் முக்கால் பங்கு விவசாயத்துக்குப் போகிறது. அதிலும் பெரும்பங்கு மாட்டுத் தீவனப் பயிருக்கு. விவசாயிக்கு நஷ்டஈடு கொடுத்துப் பயிரை மாற்றச் சொல்வது கஷ்டமான அரசியல். விமானம் அனுப்பி மேகத்தில் தூவுவது சுலபமான அரசியல். ஆபத்து இந்த சுலபத்தில்தான் இருக்கிறது.

மேகத்தில் விதைக்கட்டும், தப்பில்லை. ஆனால் ஓட்டைப் பானையை அடைக்காமல் மேலே மேலே ஊற்றிக்கொண்டிருந்தால், வானமே இறங்கி வந்தாலும் பானை நிரம்பாது.