கார்னர் சீட்!

தலைப்பைப் பார்த்துவிட்டு, ஏதோ சினிமா தியேட்டர் சமாசாரம் என்று ஆவலாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்ட வாலிபர்களே, கொஞ்சம் ஏமாறத் தயாராகுங்கள். இது கபடி மேட்டர்.

முதலில் ஒரு சின்னப் பரீட்சை. கபடி ஆட்டக்காரர்கள் மூன்று பேர் பெயரைச் சொல்லுங்கள். பர்தீப் நர்வால், பவன் செராவத், ராகுல் சௌத்ரி... சபாஷ்! மூன்று பேருமே பாடிப் போகிறவர்கள். ரெய்டர்கள். சரி, பிடிக்கிறவர்களில் ஒரே ஒருத்தர்? பாருங்கள், பக்கத்து சீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டீர்கள்.

கபடியில் ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். நட்டநடுவில் சென்டர். அவருக்கு இரண்டு பக்கமும் ஒரு கவர், ஒரு இன். அதையும் தாண்டி இரண்டு ஓரத்திலும் முட்டியில் கை வைத்துக் குனிந்து நிற்கிறார்களே இரண்டு அப்பாவிகள், அவர்கள்தான் கார்னர். டி.வி.யில் அவர்கள் முகம் தெரியாது. முதுகு தெரியும்.

என்னோடு உப்பிலியபுரத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த நண்பன் ஒருவன், திருச்சியில் ஒரு கல்லூரியில் பிசிக்கல் டைரக்டர். பெயர் வேண்டாம். சொன்னால் அட்மிஷன் சமயத்தில் அவன் வீட்டு வாசலில் க்யூ நிற்கும். மற்ற காலேஜ்காரர்களெல்லாம் ரெய்டர் தேடிக் கிளம்பினால், இவன் மட்டும் கார்னர் தேடிக் கிளம்புவான்.

"ஏன்டா இப்படி?" என்று கேட்டேன்.

"ரெய்டர் பசங்களுக்கு ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டல் கிடையாது, ஷூ வாங்கித் தரோம்னு நாலு காலேஜ் வாசல்ல நிக்குது. நம்ம பட்ஜெட்ல அதெல்லாம் ஆகாது. புடிக்கிற பயலை எவனும் கூப்பிடறதில்லை. அதனால நல்ல பயலாவே கிடைப்பான்."

சிக்கனத்தில் பிறந்த ஞானம்!

பொங்கல் லீவில் ஊருக்குப் போயிருந்தபோது பைக்கில் என்னையும் ஏற்றிக்கொண்டான். சோபனபுரம், கோட்டப்பாளையம், வைரிசெட்டிப்பாளையம் என்று ஊர் ஊராகச் சுற்றினோம். பொங்கல் சமயத்தில் பச்சைமலை அடிவாரத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கபடி மைக் அலறும். ஒரு ஊரில் சிறந்த ரெய்டருக்கு சைக்கிள் பரிசு. சிறந்த கேட்சருக்கு எவர்சில்வர் குடம். பையன் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? அம்மாவிடம் கொடுப்பான். அதோடு சரி.

அங்கேதான் அந்தப் பையனைப் பார்த்தோம். பிளஸ் டூ படிக்கிறவன். நீல பனியன். லெஃப்ட் கார்னர்.

மைதானம் முழுக்க ரெய்டரைப் பார்த்து விசிலடிக்கிறது. நண்பன் நீல பனியனின் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவன் ஒண்ணுமே பண்ணலையேடா?"

"அதான் பார்க்கிறேன்."

விளக்கினான். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் லைன். அதற்கும் 1 மீட்டர் தள்ளி போனஸ் லைன். எதிரே ஆறு பேரோ ஏழு பேரோ இருந்தால் ரெய்டருக்கு அந்தக் கோட்டின் மேல் ஒரு கண். ஒரு காலைக் கோட்டுக்கு அப்பால் ஊன்றி, மற்றக் காலை அந்தரத்தில் தூக்கினால் இலவசமாக ஒரு பாயின்ட். அந்த ஒரு நொடி ரெய்டர் ஒற்றைக்கால் கொக்கு. கணுக்காலைக் கவ்வ அதுதான் முகூர்த்தம். முந்திப் பாய்ந்தால் கையைத் தட்டிவிட்டுப் போய்விடுவான். பிந்தினால் பாயின்ட் போச்சு. 30 செகண்டுக்கு ஒருத்தன் வந்து வந்து ஆசை காட்டுவான். அத்தனையையும் பொறுத்து, பேசாமல் நிற்க வேண்டும்.

"மூணு ரெய்டு வந்துட்டுப் போச்சு. அவன் ஒரு சாண்கூட ஏமாறலை. நாலாவதுக்குப் பாரு."

நாலாவது வந்தான். கால் தூக்கினான். நீல பனியன் பாம்பு மாதிரி சரிந்து கணுக்காலைக் கவ்வினான். என்ன பிடி! ஆனால் மேலே வந்து அமுக்க வேண்டிய கவர் பையன், கூட்டத்தில் யாரையோ பார்த்துக்கொண்டு நின்றான். ரெய்டர் நல்ல தாட்டியான ஆள். நீல பனியனைத் தரதரவென்று புழுதியில் இழுத்துக்கொண்டு போய் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டான். பையன் அவுட். மைதானம் சிரித்தது. "விட்டுத் தொலைடா!" என்றது ஒரு பெரிசு.

நண்பன் பாக்கெட்டிலிருந்து நோட்டை எடுத்துப் பையன் பெயரை எழுதிக்கொண்டான்.

"ரெய்டர் தோக்கற டீம்ல இருந்தாலும் தெரிவான். ஒத்தை ஆளா போயி பத்துப் பாயின்ட் எடுத்துட்டு வரலாம். கார்னர் அப்படி இல்லை. கவர் சரியில்லேன்னா எப்பேர்ப்பட்ட கார்னரும் கோமாளிதான். நல்ல பய ஒருத்தன் மோசமான டீம்ல மாட்டினா, அவன் நல்ல பயன்னு ஒருத்தருக்கும் தெரியாமலே போயிடும்."

இந்தப் பிரச்னை உப்பிலியபுரத்துக்கு மட்டும் சொந்தமானதல்ல. அமெரிக்காவில் ஃபுட்பால் என்று ஒன்று ஆடுகிறார்கள். பெயர்தான் கால்பந்து. பெரும்பாலும் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். அதில் பந்து வைத்திருப்பவனைச் சாய்க்க வருகிற தடியர்களை மறித்து நிறுத்துவதற்கென்றே ஐந்து பேர். அவர்களுக்கு லைன்மேன் என்று பெயர். நம்ம ஊரில் லைன்மேன் என்றால் ஈ.பி. போஸ்ட் ஏறுகிறவர். அங்கேயும் கதை அதேதான். கரண்ட் இருக்கும்வரை யாரும் நினைப்பதில்லை. போனால்தான் திட்டுவார்கள்.

அங்கே நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் டாம் ஆஸ்போர்ன் என்று ஒரு கோச். 1973 முதல் 1997 வரை இருந்தார். ஸ்காலர்ஷிப் தரப்படாத உள்ளூர்ப் பையன்களை, அதிலும் பண்ணை வீட்டுப் பையன்களை, 'சும்மா வந்து சேர்ந்துகொள்' என்று சேர்த்து, வருஷக்கணக்கில் உடம்பைத் தேற்றி, லைன்மேன்களாக நிறுத்தினார். 1994, 1995, 1997 என்று மூன்று தடவை தேசிய சாம்பியன். வெளியூர் நட்சத்திரங்கள் பந்தோடு ஓடியதைப் பார்த்துக் கைதட்டினார்கள். அவர்களுக்கு வழி செய்து கொடுத்ததில் இந்த மக்காச்சோளக் காட்டுப் பையன்களுக்கும் பங்கு உண்டு.

கபடியிலும் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 2014-ல் ஆரம்பித்த ப்ரோ கபடி லீகில் 1 கோடி ரூபாய்க்கு ஏலம் போன முதல் ஆட்டக்காரர் யார் தெரியுமா? ரெய்டர் அல்ல. ஈரானின் ஃபாசல் அத்ராசலி. லெஃப்ட் கார்னர்! அது 2018 மே மாதம். அதே வருஷம் ஆகஸ்டில் ஜகார்த்தா ஆசியப் போட்டி. 1990-ல் கபடி உள்ளே வந்ததிலிருந்து ஆண்கள் தங்கத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காத இந்தியா, அரையிறுதியில் ஈரானிடம் 27-18 என்று தோற்றது. நம் ரெய்டர்கள் பெரிய பெரிய பெயர்கள்தான். உள்ளே போனவர்கள் திரும்பி வர வேண்டுமே!

அவ்வளவு தூரம் எதற்கு? நம்ம தஞ்சாவூர் மாவட்டத்து தர்மராஜ் சேரலாதன். ரைட் கார்னர். 2016-ல் பாட்னா கோப்பையை ஜெயித்தபோது கேப்டன் இவர்தான். அதே வருஷம் அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். அப்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அந்த வயதில் நமக்கெல்லாம் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. அவர் இருபது வயசுப் பையன்களின் காலைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தார்.

மறுபடி நீல பனியனுக்கு வருவோம். பள்ளிக்கூட விளையாட்டில் படிகள் உண்டு. குறுவட்டம், மாவட்டம், மாநிலம். முதல் படியிலேயே டீம் தோற்றால் பையன் கதை அங்கேயே முடிந்தது. நம் நாட்டில் ஆட்டத்தைவிட முக்கியம் சர்டிபிகேட். அதிலும் நாலு தினுசு. சர்வதேசப் போட்டி என்றால் ஃபார்ம் 1. தேசியப் போட்டி ஃபார்ம் 2. பல்கலைக்கழகங்களுக்கு இடையே என்றால் ஃபார்ம் 3. பள்ளிகளின் தேசியப் போட்டி ஃபார்ம் 4. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறதே, அந்தக் கதவைத் தட்ட இந்த மாதிரி ஒரு காகிதம் வேண்டும். பள்ளியில் கோட்டைவிட்ட கிராமத்துப் பையனுக்கு மிச்சம் இருக்கிற நல்ல வழி ஃபார்ம் 3. அதற்கு முதலில் ஒரு காலேஜில் சீட் வேண்டும். சீட் கேட்டால், "சர்டிபிகேட் எங்கே?" என்கிறார்கள். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும் கதைதான்.

ஏப்ரலில் நண்பன் பையன் வீட்டுக்குப் போனபோது நானும் கூடப் போனேன். வாசலில் சின்ன வெங்காயம் குவித்திருந்தது. அம்மா தாள் அரிந்துகொண்டே கேட்டார்:

"பாடற புள்ளைய வுட்டுப்புட்டு இவனை எதுக்குங்க கேக்கறீங்க? இவன் புடிக்கத்தானே செய்வான்?"

"அதுக்குத்தாம்மா வந்திருக்கேன்."

அப்பா விவரமானவர். "மூணு வருஷம் கழிச்சு வேலை கிடைக்குமுங்களா சார்? திருப்பூர்ல பனியன் கம்பெனியில வரச் சொல்லியிருக்காங்க. போனா மாசம் பொறந்தா சம்பளம்."

வேறு ஆளாக இருந்தால் 'உங்க பையன் இந்தியாவுக்கு ஆடுவான்' என்று அடித்து விட்டிருப்பான். நண்பன் யோசித்துச் சொன்னான்: "வேலைக்கு நான் ஜவாப்பு சொல்ல மாட்டேங்க. டிகிரி நிச்சயம். ஃபீஸும் சாப்பாடும் என் பொறுப்பு. யூனிவர்சிட்டி டீம்ல வந்து ஜெயிச்சா ஒரு சர்டிபிகேட். அது எங்கியாவது கதவைத் திறக்கும். கால் முட்டி போச்சுன்னா டிகிரி மட்டும்தான்."

அப்பா பதில் சொல்லாமல் வெங்காயத்தைக் கிளறிக்கொண்டிருந்தார். பையன் தூணுக்குப் பின்னால் நின்றான். அங்கேயும் ஓரம்தான்! கடைசியில் அப்பா, "படிக்கட்டுங்க" என்றார்.

சீட் கமிட்டியில் வேறு சண்டை. ஒரு பெரியவர் ஃபைலைப் புரட்டிவிட்டு, "பேப்பர் கட்டிங்கூட இல்லையே?" என்றாராம். நண்பன், "புடிக்கிறவன் பேரை எந்தப் பேப்பர் சார் போட்டிருக்கு? கிரவுண்டுக்கு வாங்க, காட்டறேன்" என்றிருக்கிறான். மறுநாள் காலேஜின் முதல் ரெய்டரைப் பாட வைத்துப் பத்து ரெய்டு. நீல பனியன் பின்னால் இந்த முறை ஒழுங்கான கவர். ஆறு தடவை ரெய்டர் மண்ணைக் கவ்வினான். சீட் கிடைத்தது.

நண்பன் நோட்டில் அன்றைக்கு இரண்டு பெயர் இருந்தன. இன்னொருவன் மலைமேல் கிராமத்துப் பையன், ரைட் கார்னர். மரவள்ளிக் காட்டில் வளர்ந்த உடம்பு. அவனுக்கு சீட் வாங்க முடியவில்லை. இருந்தது ஒன்றுதான். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றான் நண்பன். வயிறு அடுத்த வருஷம்வரை காத்திருக்குமா? அவன் திருப்பூர் பஸ் ஏறிவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுகிறானாம். நீல பனியன் இப்போது இரண்டாம் வருஷம், கல்லூரி அணியில் நிரந்தர லெஃப்ட் கார்னர். இருவருக்கும் ஆட்டத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது என்று நண்பனே சொல்கிறான். சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுகிறான்.

உங்கள் ஆபீஸையே எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு மேனேஜர் ரூமுக்குள் பாடிப் போய், நாலு வார்த்தை பேசி, பாயின்ட்டோடு திரும்பி வருகிற ரெய்டர் ஒருத்தர் உண்டு. மார்ச் 31 ராத்திரி பதினோரு மணிக்கு டீ குடித்துக்கொண்டு கணக்கை டாலி பண்ணுகிற கார்னர் ஒருத்தரும் உண்டு. இன்க்ரிமெண்ட் யாருக்கு? நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நமக்காவது மாசச் சம்பளம் வந்துவிடுகிறது. பிளஸ் டூ பையனுக்கு ஒரு மே மாசம் தவறினால் பஸ் வேறு ஊருக்குப் போய்விடுகிறது.

அதனால் ஒரு வேண்டுகோள். இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனால் ராத்திரி கபடி பார்க்கப் போங்கள். செல்போனில் ரெய்டரைப் படம் பிடித்தது போதும். பத்து நிமிஷம் ஓரத்தில் குனிந்து நிற்கிற பையன் காலைப் பாருங்கள். ஏமாறாமல் நிற்கிறானா? மேட்ச் முடிந்ததும் பெயர், ஊர், என்ன படிக்கிறான் என்று கேட்டு, உங்களுக்குத் தெரிந்த காலேஜ் பி.டி. யாருக்காவது ஒரு போன் போடுங்கள்.

ரெய்டரைப் பற்றிக் கவலையே வேண்டாம். அவன் பெயரை மைக்கில் சொல்லிவிடுவார்கள்.