ஒரு அரைப்புள்ளிக்கு இத்தனை அக்கப்போரா?

"பிப் இன்ஸ்டால்னு ஒரு வரி அடிச்சா முடிஞ்சுது. இதுக்குப் போய் பேக்கேஜ், மெயின்டெய்னர், சேஞ்ச்லாக்னு எதுக்குப்பா இத்தனை சடங்கு?"

புதுச்சேரி கல்லூரிப் பசங்களிடம் டெபியன் லினக்ஸுக்கு பேக்கேஜ் செய்வது பற்றிப் பேச்சு எடுத்தால் முதலில் வந்து விழுவது இந்தக் கேள்விதான். கேட்பவர்கள் முட்டாள்கள் இல்லை. ஆனால் கேள்வி தப்பு.

எஸ்க்யூஎல்பார்ஸ் என்று ஒரு சின்ன பைத்தான் லைப்ரரி இருக்கிறது. ஒரு ஃபைலில் மொத்தமாகக் கொட்டிக் கிடக்கும் டேட்டாபேஸ் கட்டளைகளைத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கும். அவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம். "அரைப்புள்ளி வர்ற இடத்துல வெட்டினா போச்சு, இதுக்கு ஒரு லைப்ரரியா?" என்பார்கள். சரி, வெட்டிப் பாருங்கள். வாடிக்கையாளர் ஒருவர் தன் முகவரியை 'மாடி வீடு; மிஷன் வீதி' என்று எழுதிக் கொடுத்திருப்பார். மேற்கோள் குறிக்குள் இருக்கும் அந்த அரைப்புள்ளியில் கத்தி விழும். பாதிக் கட்டளை ஒரு பக்கம், மீதி இன்னொரு பக்கம். குறிப்புரைக்குள் அரைப்புள்ளி வரும். ட்ரிகர் எழுதினால் பிகினுக்கும் எண்டுக்கும் நடுவே நாலைந்து வரும். ஒரு கடையின் வருஷக் கணக்கை இப்படி வெட்டி ஏற்றினால் பாதி வவுச்சர் உள்ளே, பாதி வெளியே. பற்று வரவு ஏன் இடிக்கிறது என்று ராத்திரி முழுக்கத் தேட வேண்டியதுதான்.

இந்தத் தொல்லையை ஒருவர் ஒழுங்காகத் தீர்த்து பி.எஸ்.டி. உரிமத்தில் இலவசமாகக் கொடுத்திருக்கிறார். ஜாங்கோ 2.2, 2019-ல் வந்தபோது இந்த லைப்ரரி இல்லாமல் ஜாங்கோ நிறுவ முடியாது என்று ஆகிவிட்டது. பெயரே கேள்விப்படாதவர்கள் மெஷினிலும் இது உட்கார்ந்திருப்பது அப்படித்தான்.

உட்கார்ந்தது அப்படியே உட்கார்ந்திருந்தால்தான் வம்பு. 2021-ல் இதில் ஒரு ஓட்டை தெரியவந்தது. குறிப்புரைகளை நீக்கும் இடத்தில் வேண்டுமென்றே கோணலாக எழுதின உள்ளீட்டைக் கொடுத்தால் சிபியு சுற்றிக்கொண்டே கிடக்கும். 0.4.2 பதிப்பில் அடைத்தார்கள். 2023-ல் அதே ஜாதியில் இன்னொன்று, 0.4.4-ல் சரி. 2024-ல் அடைப்புக்குள் அடைப்பு என்று ஆழமாக அடுக்கினால் நிரலே படுத்துவிடும் என்று தெரிந்தது, 0.5.0-ல் சரி. நாலு வருஷத்துக்குள் மூன்று. ஒருவர் பிப் போட்டு வைத்துவிட்டுப் பட்டம் வாங்கிக்கொண்டு போயிருந்தால் அந்த மெஷினிடம் இந்த மூன்றையும் யார் சொல்வார்கள்? பிப் தானாக வந்து கதவைத் தட்டாது. டெபியன் பேக்கேஜாக இருந்தால் அதற்கென்று பேர் போட்ட பொறுப்பாளர் உண்டு. ஸ்டேபிள் வெளியீட்டில் பழைய பதிப்பை மாற்றாமல் ஓட்டையை மட்டும் அடைத்து அனுப்பும் வழக்கம் உண்டு. லேப் முழுக்க ஒரே அப்டேட்டில் வேலை முடியும்.

2023 ஜூனில் வந்த டெபியன் 12, சிஸ்டம் பைத்தானில் பிப் நேரடியாகக் கை வைப்பதைத் தடுத்தது. நம் மக்கள் என்ன செய்தார்கள்? 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்ற ஆப்ஷனை இணையத்தில் தேடிப் பிடித்து ஒட்டிக்கொண்டார்கள். சிஸ்டத்தை உடை என்று பெயரிலேயே இருக்கிறது சாமி! அதையும் அடித்துவிட்டு, லினக்ஸ் சரியில்லை என்று புலம்பல் வேறு :-) சொந்த ப்ராஜெக்டுக்கு விர்ச்சுவல் என்விரான்மென்ட் போட்டு அதற்குள் பிப் ஓட்டுங்கள், அதில் சண்டையே இல்லை. பொது மெஷினில் செய்வதுதான் அராஜகம்.

"அதெல்லாம் கம்ப்யூட்டர் சயின்ஸ்காரன் வேலை" என்று பி.காம். வகுப்பு நழுவப் பார்க்கும். ஒரு டெபியன் பேக்கேஜுக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பாருங்கள். காப்பிரைட் என்று ஒரு ஃபைல்: மூலத்தில் எந்தக் கோப்பு யாருடையது, எந்த உரிமம் என்று கணக்கு. சேஞ்ச்லாக்: எந்தத் தேதியில் யார் எதை மாற்றினார் என்ற பதிவு. கன்ட்ரோல்: இது எதை எதை நம்பி நிற்கிறது என்ற பட்டியல். புதுப் பேக்கேஜ் என்றால் ஆவணக்காப்பகக் குழு இதையெல்லாம் சரிபார்த்த பிறகுதான் உள்ளே விடும். இதற்கு ஆடிட் என்று பேர் வைத்து மூன்று வருஷம் படிக்கிறவர்களுக்கா இது அந்நியம்?

கணக்குப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2024 மார்ச்சில் உலகமே பார்த்தது. எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியைக் களைத்துப்போன ஒரே ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். உதவிக்கு வந்த மாதிரி வந்த ஆள் பின்கதவு வைத்துவிட்டார். டெபியன் சோதனைக் கிளைகள் வரை அது வந்துவிட்டது. எஸ்எஸ்எச் லாகின் கொஞ்சம் மெதுவாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் நோண்டிப் பார்த்ததால் தப்பித்தோம். "பாருங்க, பேக்கேஜ் சிஸ்டமும் ஏமாந்துச்சே" என்று யாராவது மடக்கலாம். ஏமாந்தது நிஜம். அதற்கு மருந்து இன்னும் நாலு ஜோடிக் கண்கள். அந்தக் கண்களைக் குறைப்பது இல்லை.

குறை இல்லாமல் இல்லை. புதுப் பேக்கேஜ் வரிசையில் காத்திருந்தே சிலருக்கு ஆசை விட்டுப்போகிறது. கையேடுகள் ஆங்கிலத்தில், அதுவும் வக்கீல் நோட்டீஸ் மாதிரி. ஸ்டேபிளில் பதிப்பு பழசுதான். ஆனால் கற்றுக்கொள்ள இடமே இல்லை என்பது மட்டும் சாக்கு. 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் மினி டெப்கான்ஃப் நடந்தது, பாண்டியிலிருந்து ஒரு பஸ் தூரம். அதே வருஷம் செப்டம்பரில் உலக டெப்கான்ஃபே கொச்சிக்கு வந்தது. ஊருக்குள்ளேயே கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்காரர்கள் இருக்கிறார்கள்.

இவ்வளவும் இருக்க, கடைசி வருஷ ப்ராஜெக்ட் என்று இங்கே எதை மதிப்பிடுகிறோம்? காசு கொடுத்து வாங்கின நூலக மேலாண்மை மென்பொருளை, போன வருஷம் அண்ணன் காட்டின அதே ஸ்க்ரீன்ஷாட்டோடு. ஒரு பேக்கேஜைப் பராமரித்ததை ப்ராஜெக்டாக ஏற்க ஏன் எந்தத் துறையும் முன்வருவதில்லை? திருட முடியாத ப்ராஜெக்ட் அது. தேதி, பெயர், பிழை அறிக்கை, வந்த திட்டு எல்லாம் பொதுவில் கிடக்கும். வைவாவுக்கு வெளியாள் கூட வேண்டாம்.

துறைத்தலைவர் மனசு மாறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. டெபியனில் டெவ்ஸ்க்ரிப்ட்ஸ் என்ற தொகுப்பை நிறுவினால் 'டபிள்யூஎன்பிபி அலர்ட்' என்று ஒரு கட்டளை கிடைக்கும். உங்கள் மெஷினில் இருப்பவற்றில் எந்தெந்தப் பேக்கேஜ் கேட்பாரற்று அனாதையாகக் கிடக்கிறது என்று அது பெயர் பெயராகச் சொல்லும்.